கட்டுத்தறி வரைக்கும் ஒரு ஒயர்

சிங்கப்பூரில் சாயங்காலம் 7 மணி என்றால் எங்கள் தோட்டத்தில் 4.30. பால் கறக்கிற நேரம். தங்கச்சி மகள் பள்ளிக்கூடப் பாடமெல்லாம் முடித்துவிட்டு அப்புச்சியோடு, அதாவது என் அப்பாவோடு, பேச உட்காருவது சரியாக அந்த நேரத்துக்குத்தான். அவளுக்கு அப்புச்சி மட்டும் போதாது. சித்திரையில் பிறந்த செவலைக் கன்றையும் பார்க்க வேண்டும், அது இன்றைக்கு என்ன சேட்டை செய்தது என்று கேட்க வேண்டும்.

மாடு கட்டுகிற கட்டுத்தறியில் போன் சிக்னல் நிற்காது. சுற்றிலும் நாற்பது வருடத்துத் தென்னை. போன் அடித்தால் அப்பா பால் செம்பை ஓரமாக வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்று மேட்டில் ஏறுவார். அங்கே ஒரு குறிப்பிட்ட கல்லின் மேல் நின்றால் இரண்டு கோடு வரும். "அப்புச்சி, கன்னுக்குட்டி எங்கே?" என்று குழந்தை கேட்பாள். கன்றுக்குட்டி அங்கிருந்து ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும். அப்பா போனைத் திருப்பிக் காட்டுவார். அவளுக்குத் தென்னை மரங்கள் தெரியும். மழைக்காலத்தில் அந்தக் கல் வழுக்கும். அவருக்கு வயது 71. போன ஐப்பசியில் ஒருநாள் அவர் அந்தக் கல்லிலிருந்து இறங்குவதைப் பின்னாலிருந்து பார்த்தேன். அன்றைக்கே முடிவு செய்தேன், வீட்டிலிருக்கிற நெட்டைக் கட்டுத்தறிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று.

ஊர் கோபிச்செட்டிப்பாளையத்துக்குப் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். வேறு பக்கத்துக்காரர்களுக்காக ஒரு வார்த்தை: கொங்கில் மாடு கட்டுகிற இடத்தைக் கட்டுத்தறி என்போம். நெசவுத் தறிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தோட்டத்திலிருக்கும் சின்ன வீடு சாளை. எங்கள் கட்டுத்தறியும் சாளையும் ஒரே ஓட்டுக் கூரையின் கீழ், வீட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பைத் தாண்டி இருக்கின்றன. வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து நாலு வருடம் ஆகிறது. வீட்டில் தாராளமாக வருகிற நெட் தோப்புக்கு அந்தப் பக்கம் துளியும் இல்லை.

முதலில் எல்லோரும் சொல்கிற வழிகளையே நானும் யோசித்தேன். வைஃபை ரிப்பீட்டர் ஒன்றை வாங்கிப் பின்வாசலில் மாட்டச் சொன்னார் கடைக்காரர். இடையிலிருக்கிற தோப்பைத் தாண்டி அது போகாது. ஈர மட்டை ரேடியோ அலையைக் குடித்துவிடும், மழை பெய்தால் இன்னும் மோசம். இரண்டு கூரையிலும் டிஷ் போல ஒன்றை எதிரெதிராக மாட்டுகிற ஐந்து கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பாலம் நல்ல சாதனம்தான், ஆனால் ஒன்றுக்கொன்று கண்ணில் படவேண்டும். எங்களுக்கு அது நடக்காது. செல்போன் சிக்னல் பூஸ்டர் ஒன்றை மாட்டிவிடலாம் என்று ஒருவர் வந்தார். அனுமதி இல்லாமல் அதை வைப்பது சட்டப்படி தப்பு. அக்கம்பக்கத்து டவர் சிக்னலையும் அது கெடுக்கும். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

அப்போதுதான் கட்டுத்தறி உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்த கருப்பு ஒயர் கண்ணில் பட்டது.

ஆறு வருடத்துக்கு முன்னால் எங்கள் பக்கம் மோட்டார் கேபிள் திருட்டு அதிகமாக இருந்தது. இரவோடு இரவாக வந்து கிணற்றுக் கேபிளை அறுத்துக்கொண்டு போய்ச் செம்பை உருக்கி விற்றுவிடுவார்கள். பயந்துபோய் கட்டுத்தறியில் ஒரு கேமரா போட்டோம். பழைய வகைக் கேமரா இல்லை, நெட்வொர்க் கேபிளில் ஓடுகிற ஐபி கேமரா. வீட்டுக் கூடத்தில் ரெக்கார்டர், அங்கிருந்து மண்ணுக்கடியில் ஒரு கேபிள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு இடியில் கேமராவும் ரெக்கார்டரும் சேர்ந்து போயின. கேமராவைக் கழற்றினோம். கேபிள் அப்படியே கிடந்தது. ஆறு வருடமாகத் தென்னை வேர்களுக்கு நடுவே, நாங்கள் மறந்துபோன ஒரு பாதை.

புதுக் கேபிள் வாங்கக் கிளம்பும் முன்னால், கிடக்கிற கேபிள் என்ன ஜாதி, எவ்வளவு நீளம், எந்த நிலையில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை. இதை நான் அழுத்திச் சொல்வேன். கேமராவுக்காக, பழைய இன்டர்காமுக்காக, சோலார் கருவிக்காக என்று எத்தனையோ வீடுகளில் ஒயர் புதைந்து கிடக்கிறது. பலரும் அதை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகக் குழி தோண்டுகிறார்கள்.

கேபிளின் மேலுறையை ஈரத்துணியால் துடைத்தால் எழுத்து தெரியும். எங்களுடையதில் கேட் 5இ என்றும் (நெட்வொர்க் கேபிளின் வகை) 24 கேஜ் என்றும் (உள்ளே இருக்கும் கம்பியின் கனம்) இருந்தது. அதைவிட உபயோகமானது பக்கத்திலேயே மீட்டருக்கு ஒருமுறை அச்சிடப்பட்டிருக்கும் எண். நெட்வொர்க் கேபிள் ஒரு பெட்டிக்கு 305 மீட்டர், அதாவது ஆயிரம் அடி, வரும். பல கம்பெனிகள் அதன் நெடுகிலும் மீட்டர்க் கணக்கை அச்சிடுகின்றன. வீட்டு முனையில் 211, கட்டுத்தறி முனையில் 118. கழித்தால் 93 மீட்டர். டேப் பிடித்து அளக்க வேண்டியதில்லை, குழி தோண்ட வேண்டியதில்லை. இந்த இரண்டு எண்களையும் அன்றைக்குச் சுவரில் பென்சிலால் எழுதிவைத்தேன். அவை பின்னால் என்னை எப்படிக் காப்பாற்றின என்பதைச் சொல்கிறேன்.

93 என்பது நல்ல செய்தி. இந்த மாதிரிச் செம்புக் கேபிளில் நெட்வொர்க் ஓட விதித்திருக்கும் எல்லை 100 மீட்டர். 90 மீட்டர் நிலையாகப் பதித்த கேபிள், 10 மீட்டர் இரு முனையிலும் செருகும் சிறு ஒயர் என்று அதைப் பிரிப்பார்கள். எங்களுடையது அந்த 90-ஐ மூன்று மீட்டர் தாண்டுகிறது, ஆனால் முனைக்கு ஒரு அரை மீட்டர் ஒயர் சேர்த்தாலும் மொத்தம் நூறுக்குள்ளேயே அடங்கிவிடும்.

அடுத்தது செம்பு உண்மையான செம்பா என்ற சோதனை. சந்தையில் விலை குறைவாகக் கிடைக்கும் கேபிள்களில் உள்ளே அலுமினியக் கம்பியும் அதற்கு மேல் செம்புப் பூச்சும்தான் இருக்கும். மின்தடை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. மடக்கினால் ஒடியும், ஈரம் பட்டால் அரிக்கும், மின்சாரத்தை அதில் அனுப்பினால் பாதி வழியில் இளைத்துப்போகும். பிளேடால் ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்தேன். உள்ளேயும் சிவப்பு. அப்பா அருகில் நின்று, "தேங்காயச் சொரண்டிப் பாக்கற மாதிரி பாக்கறே" என்றார்.

முனைகளைப் பிரித்தபோதுதான் முதல் கவலை வந்தது. கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நாலு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும்: ஆரஞ்சு, பச்சை, நீலம், பிரவுன், ஒவ்வொன்றுக்கும் வெள்ளைக் கோடு போட்ட துணை. கேமரா போட்டவர் ஆரஞ்சையும் பச்சையையும் மட்டும் கனெக்டரில் அடித்திருந்தார். நீல ஜோடியைச் சேர்த்து முறுக்கி 12 வோல்ட்டின் பிளஸ்ஸாகவும், பிரவுன் ஜோடியைச் சேர்த்து மைனஸாகவும் கேமராவுக்கு அனுப்பியிருந்தார். எங்கள் பக்கம் கேமரா போடுகிற பலரும் செய்வது இதுதான். கட்டுத்தறியில் தனியாகக் கரண்ட் வேண்டியதில்லை என்பதற்காகச் செய்த வேலை. தப்பென்று சொல்லமாட்டேன். 1995-ல் வந்த 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) வேக முறைக்கு நாலு கம்பியே போதும், மீதி நாலும் சும்மா இருக்கும். 1999-ல் வந்த, அதைவிடப் பத்து மடங்கு வேகமான கிகாபிட்டுக்குத்தான் எட்டும் வேண்டும்.

இரண்டு முனையையும் நறுக்கிவிட்டு எட்டுக் கம்பியையும் வரிசைப்படி புதிதாக அடித்தேன். வரிசை தெரியாதவர்களுக்கு: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பிரவுன், பிரவுன். பச்சை ஜோடி நடுவில் பிரிந்து, நீலத்தை இடையில் விட்டு உட்காருவதைக் கவனியுங்கள். "இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் சரி, எந்த வரிசையானால் என்ன" என்று சிலர் ஜோடி ஜோடியாக நேராக அடிப்பார்கள். டெஸ்டரில் எட்டு விளக்கும் எரியும், நெட் மட்டும் நிற்காது. ஒரு சிக்னலின் போக்கும் வரவும் ஒரே முறுக்குக்குள் இருக்க வேண்டும். அந்த ஜோடி பிரிந்தால் முறுக்கின் பயனே போய்விடும்.

முறுக்கு என்றதும் ஒன்று சொல்லாமல் போக மனமில்லை. இரண்டு கம்பியைப் பின்னி அனுப்பினால் இரைச்சல் குறையும் என்று கண்டு 1881-லேயே காப்புரிமை வாங்கியவர், டெலிபோன் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். பக்கத்தில் ஓடும் மின்கம்பியின் பாதிப்பு இரண்டு கம்பியிலும் சமமாக விழும். மறுமுனையில் இரண்டுக்குமான வித்தியாசத்தை மட்டும் எடுத்தால் அந்தப் பாதிப்பு கழிந்துவிடும். கேபிளுக்குள் நாலு ஜோடியும் நாலு விதமான நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருப்பதைப் பிரித்துப் பார்த்தால் தெரியும். ஒரே நெருக்கமாக இருந்தால் ஒன்றின் பேச்சு இன்னொன்றில் கேட்கும். எங்கள் கேபிள் கிணற்று மோட்டாரின் மும்முனை ஒயருக்கு ஓரமாகப் பல மீட்டர் ஓடுகிறது. மோட்டார் போடும்போதும் நெட் அசையாமல் நிற்கிறது என்றால் அது அந்தப் பின்னலின் வேலை.

டெஸ்டரை மாட்டினேன். இரண்டு துண்டாக வரும் சின்னக் கருவி, வீட்டில் ஒன்று, கட்டுத்தறியில் ஒன்று. அம்மா வீட்டு முனையில் பட்டனை அழுத்த, நான் இங்கே விளக்கைப் பார்த்தேன். 1, 2, 3, 4, 5, 6 வரிசையாக எரிந்தன. 7 எரியவில்லை. 8 எரிந்தது. மூன்று தடவை கனெக்டரை மாற்றி அடித்துப் பார்த்தேன். அப்போதும் 7 இருட்டு. வெள்ளைப் பிரவுன் கம்பி எங்கோ மண்ணுக்கடியில் அறுந்திருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டபோது, பழைய கேமராவின் கதை விளங்கியது. அந்தக் கேமரா பகலில் ஒழுங்காக ஓடும், இருட்டினால் அணைந்து அணைந்து எரியும். போட்டவரைக் கூப்பிட்டோம், கேமரா சரியில்லை என்று ஒருதரம் மாற்றியும் கொடுத்தார். புதியதும் அதையே செய்தது. திருடனுக்காக வைத்த கேமரா, திருடன் வரும் நேரத்தில் மட்டும் கண்ணை மூடியது. காரணம் இதுதான். 24 கேஜ் செம்புக் கம்பி ஒன்றுக்கு 100 மீட்டரில் சுமார் 8.4 ஓம் மின்தடை. 93 மீட்டருக்கு 7.8. நீலம் இரண்டும் சேர்ந்து போவதால் அதில் பாதி, 3.9. பிரவுனிலும் அப்படியே இருந்திருந்தால் போய்வர மொத்தம் 7.8 ஓம். ஆனால் ஒரு பிரவுன் கம்பி அறுந்திருந்ததால் திரும்பும் பாதை 7.8, மொத்தம் 11.7. பகலில் கேமரா கால் ஆம்பியர் இழுத்தால் வழியில் இழப்பது 3 வோல்ட்டுக்குள், மீதி 9 வோல்ட்டில் எப்படியோ ஓடிவிடும். இருட்டில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி 0.45 ஆம்பியர் ஆனால் 5 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். 12-ல் மிஞ்சுவது 7-க்கும் கீழ். கேமரா அணையும். விளக்கு அணைந்ததும் வோல்ட் ஏறும், கேமரா மறுபடி எழும், விளக்கைப் போடும், மறுபடி விழும். ராத்திரி முழுக்க இதே கதை. யாரும் ஒயரைச் சந்தேகிக்கவில்லை. மண்ணுக்குள் போன பொருளைப் பிறகு யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

7-வது கம்பி எனக்கு வேண்டும். நெட்டுக்கு அது வேண்டாம், வீடியோ கால் ஒன்றுக்கு 100 எம்பிபிஎஸ் என்பதே மிக அதிகம், கிகாபிட் பற்றி எனக்கு ஆசையும் இல்லை. கரண்டுக்குத்தான் அது வேண்டும். சாளையில் வீட்டு மின் இணைப்பு கிடையாது. கிணற்றுக்கு வருவது விவசாய இணைப்பு, தமிழ்நாட்டில் 1990 முதல் எல்லா விவசாயிக்கும் இலவசமாகக் கிடைக்கும் கரண்ட். அதைப் பம்புக்குத்தான் பயன்படுத்த வேண்டும், ரவுட்டரை அதில் மாட்டுவது முறையில்லை. சாளையில் வெளிச்சத்துக்கு ஒரு சின்ன சோலார் பலகை இருக்கிறது, அது இரண்டு விளக்குக்கே சரியாகப் போகும். ஆகவே நெட் போகிற கேபிளிலேயே கரண்டும் போயாக வேண்டும்.

அறுந்த இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? 93 மீட்டரையும் தோண்டினால் தென்னை வேர்கள் போகும், இடுப்பும் போகும். கோவையில் என்னோடு வேலை செய்கிற நண்பனிடம் சொன்னேன். அவன் அலுவலகத்தில் ஒதுக்கிவைத்திருந்த ஒரு பழைய நெட்வொர்க் சுவிட்சை, அதாவது பல நெட்வொர்க் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் பெட்டியை, கொடுத்தான். நிர்வகிக்கக்கூடிய சுவிட்சுகள் சிலவற்றில் கேபிள் சோதனை என்று ஒரு வசதி இருக்கும். கம்பிக்குள் ஒரு சின்ன மின்துடிப்பை அனுப்பி, அது அறுந்த இடத்தில் மோதித் திரும்பும் நேரத்தை அளக்கும். கிணற்றுக்குள் குரல் கொடுத்து, எதிரொலி வருகிற நேரத்தை வைத்து ஆழத்தைச் சொல்கிற மாதிரி. கேபிளில் துடிப்பு ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வேகத்தில் போகும். ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் பதில் வந்துவிடும்.

மற்ற மூன்று ஜோடிக்கும் 95 மீட்டர் என்று சுவிட்ச் சொன்னது. பிரவுன் ஜோடிக்கு 41 மீட்டர், திறந்த முனை என்றது, அதாவது அங்கே அறுந்திருக்கிறது. முறுக்கினால் உள்ளே கம்பி உறையைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும், அதனால்தான் 93-க்கு 95. அப்படியானால் 41 என்பது உறைக் கணக்கில் 40. வீட்டு முனையில் 211. கழித்தால், மேலுறையில் 171 என்று அச்சிட்டிருக்கும் இடம்.

சுவரில் ஏறி இறங்கிய 4 மீட்டரைக் கழித்து, பின்வாசலிலிருந்து குழி போன வழியில் 36 மீட்டர் டேப் பிடித்தேன். நாலாவது வரிசைத் தென்னையின் வலப்பக்கத்தில் போய் நின்றது. அப்பா அந்த இடத்தைப் பார்த்ததும் சொன்னார்:

"இங்கதான் கண்ணு சொட்டுநீர் போட வந்த பசங்க பைப்புக்குக் குழி எடுத்தாங்க. மம்முட்டி பட்டு ஒயரு அறுந்துபோச்சுன்னு அன்னைக்கே டேப் சுத்திக் கொடுத்துட்டுத்தான் போனாங்க."

"எப்பங்கப்பா?"

"கேமரா போட்டு ஒரு வருசம் இருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கப்புறந்தான் ராத்திரியில படம் விட்டு விட்டு வந்துச்சு" என்றார்.

அஞ்சு வருடமாக அவர் மனதுக்குள் இரண்டு செய்தியும் தனித்தனியே இருந்திருக்கின்றன. நாங்கள் யாரும் அவரிடம் கேட்கவில்லை. கேமரா போட்டவரும் கேட்கவில்லை. எனக்கு அது வருத்தமாகவே இருந்தது. தோட்டத்தில் எந்தக் குழி எப்போது எடுத்தார்கள் என்று அவரைத் தவிர யாருக்குத் தெரியும்?

ஒரு முழம் ஆழத்தில் கேபிள் கிடைத்தது. மண்ணைத் தள்ளித் துணியால் துடைத்தால் 171, அதிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கருப்பு டேப் உருண்டை. பிரித்தபோது உள்ளே தண்ணீர். எட்டுக் கம்பியையும் நிறம் பார்த்துச் சரியாகத்தான் முறுக்கியிருந்தார்கள் அந்தப் பையன்கள். மண்வெட்டியோடு வந்தவர்கள் செய்த வேலைக்கு அது மோசமில்லை. வெள்ளைப் பிரவுன் மட்டும் பச்சை பிடித்துப் பொடியாகி விட்டிருந்தது. மற்றவையும் இன்னும் இரண்டு மழைக்குத் தாங்கியிருக்குமா என்பது சந்தேகம்.

ஒட்டுப் போடுவதில் இரண்டு விஷயம் முக்கியம். ஈரம் புகக்கூடாது, முறுக்கை அதிகம் பிரிக்கக்கூடாது. டெலிபோன் லைன்மேன்கள் பயன்படுத்தும் ஜெல் கனெக்டர் என்று ஒன்று இருக்கிறது. விரல்நுனி அளவு, உள்ளே பசை. இரண்டு கம்பியையும் தோலுரிக்காமல் செருகி குறடால் அழுத்தினால் உள்ளிருக்கும் தகடு உறையைக் கிழித்து இரண்டையும் பிடித்துக்கொள்ளும், பசை சுற்றி மூடிக்கொள்ளும். எட்டு கனெக்டர் போட்டேன். கேபிளைத் தரைக்கு மேலே கொண்டுவந்து, தென்னை மரத்தோரம் ஒரு குச்சி நட்டு, பிவிசி பெட்டிக்குள் வைத்து, கேபிள் கீழ்ப்புறமிருந்து நுழையும்படி செய்தேன். மேலிருந்து நுழைந்தால் மழைத்தண்ணீர் கேபிளைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடும். மண்ணுக்குள் ஒட்டுப் போட்டு மூடுவதை நான் இனி எங்கும் செய்யமாட்டேன்.

டெஸ்டரில் எட்டும் எரிந்தன. அம்மா வீட்டு முனையிலிருந்து சத்தமாக எண்ணினார், நான் இந்தப் பக்கம் கூட எண்ணினேன்.

இனி சாமான்கள். கேபிளில் கரண்ட் அனுப்ப 2003-ல் ஒரு பொதுத் தரம் வந்தது. அனுப்பும் முனையில் 15.4 வாட், போய்ச் சேரும் முனையில் 12.95 வாட் வரை. வீட்டில் இன்ஜெக்டர் என்கிற சின்னப் பெட்டி நெட்டோடு 48 வோல்ட்டைச் சேர்த்து அனுப்பும். நான் வாங்கியது சும்மா கிடக்கும் நீலத்திலும் பிரவுனிலும் கரண்டை அனுப்பும் வகை. 7-வது கம்பியை விடாப்பிடியாகத் தேடியது இதற்காகத்தான். சாளையில் ஸ்பிளிட்டர் என்கிற இன்னொரு பெட்டி அதைப் பிரித்து 12 வோல்ட்டாகக் கொடுக்கும். அதில் வீட்டில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய ரவுட்டரை மாட்டினேன். 48 வோல்ட்டின் அருமையைப் பழைய கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ரவுட்டருக்கு 7, 8 வாட் என்றால் கம்பியில் போவது 0.17 ஆம்பியர்தான். வழியில் இழப்பது 1.3 வோல்ட். 12 வோல்ட்டில் மூச்சு வாங்கிய அதே கம்பி இப்போது அலட்டிக்கொள்ளாமல் சுமக்கிறது.

தரத்துக்கு உட்பட்ட இன்ஜெக்டர் எதிர்முனையில் உரிய கருவி இருக்கிறதா என்று முதலில் மெல்லச் சோதித்துப் பார்த்த பிறகே கரண்டை விடும். மலிவாகக் கிடைக்கும் சிலவற்றுக்கு அந்தப் பழக்கம் இல்லை, செருகியதும் பாயும். தெரியாமல் யாராவது லேப்டாப்பைச் செருகினால் அதோடு போனது. சில நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக அந்த வகையை வாங்காதீர்கள்.

பழைய ரவுட்டரை வெறும் வைஃபை நிலையமாக மாற்றுவது பத்து நிமிட வேலை. கேபிளை வெளி நெட்டுக்கான வான் (WAN) துளையில் செருகக்கூடாது, வீட்டுக் கருவிகளுக்கான லான் (LAN) துளைகளில் ஒன்றில் செருக வேண்டும். அதற்கு முன் அதன் அமைப்புப் பக்கத்துக்குள் போய், கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபியை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் ஒரே வீட்டில் இரண்டு பேர் முகவரி கொடுக்கத் தொடங்கி, போன்கள் யார் சொல்வதைக் கேட்பதென்று திண்டாடும். அதன் சொந்த முகவரியை வீட்டு ரவுட்டரோடு மோதாமல் மாற்றுங்கள், அது 192.168.1.1 என்றால் இதற்கு 192.168.1.2. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் இரண்டிலும் ஒன்றாக வைத்தேன், அப்பா போனில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இரண்டு வைஃபையும் ஒன்றோடொன்று மோதாமலிருக்க வீட்டில் சேனல் 1, சாளையில் 11.

இடியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் படிப்பவர்களுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

பக்கத்தில் இடி விழுந்தால் மனிதன் தப்பித்தாலும் மாடு செத்துப்போவதைக் கிராமத்தில் பார்த்திருக்கிறோம். விழுந்த இடத்தில் நிலத்தின் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட் ஏறும், அங்கிருந்து தள்ளிப் போகப் போகக் குறையும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம், அந்த இரண்டு இடத்துக்குமான வித்தியாசம் அதன் உடம்பு வழியாகப் பாயும். இரண்டு கட்டடத்துக்கு நடுவே புதைத்த செம்புக் கேபிள், 93 மீட்டர் நீள மாடு. முன்கால் வீட்டில், பின்கால் கட்டுத்தறியில். இடி கேபிள் மேல் விழவேண்டியதில்லை, அக்கம்பக்கத்தில் விழுந்தாலே போதும். எங்கள் கேமராவும் ரெக்கார்டரும் போனது அப்படித்தான்.

புதிதாகக் கேபிள் இழுப்பதாக இருந்தால் இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஃபைபர் மட்டும்தான் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கண்ணாடியில் மின்சாரம் பாயாது, தூரமும் பிரச்சினையில்லை. ஊர் கேபிள் டிவிக்காரரிடமே ஒட்டும் மெஷின் இருக்கிறது. இரண்டு முனைக்கும், ஃபைபரின் ஒளியை நெட்வொர்க் கேபிளுக்கு மாற்றித் தரும் மீடியா கன்வெர்ட்டர் ஒரு ஜோடி போதும். அந்த முனையில் கரண்ட் இருக்கிறவர்கள் யோசிக்கவே வேண்டாம். எனக்குக் கரண்டும் ஒயரிலேயே போக வேண்டியிருந்தது, கேபிளும் ஏற்கெனவே கிடந்தது. ஆகவே செம்பை வைத்துக்கொண்டு பாதுகாப்பைச் சேர்த்தேன். இரண்டு முனையிலும், திடீரென்று ஏறும் வோல்ட்டை மண்ணுக்குத் திருப்பிவிடும் சர்ஜ் புரொடெக்டர், கரண்டோடு போகும் கேபிளுக்கு ஏற்ற வகை. வீட்டு முனையில் அதை வீட்டு எர்த்தோடு இணைத்தேன். சாளையில் அதற்கென்று ஒரு செம்புக்கம்பி அடித்து எர்த் கொடுத்தேன். எர்த் இல்லாமல் அந்தப் பெட்டி வெறும் பெட்டி. பணத்தைக் கொடுத்து அதை வாங்கி, எர்த் ஒயரைத் தொங்கவிட்டிருக்கும் இடங்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

இதெல்லாம் தூரத்து இடிக்குத்தான். தலைக்கு மேல் விழுவதற்கு எதுவும் நிற்காது. அதனால் சித்திரை வைகாசிக் கோடை மழையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் மேற்கே முதல் உறுமல் கேட்டதும் அம்மா கூடத்துக்குப் போய் இன்ஜெக்டரின் பிளக்கைப் பிடுங்கி, அதிலிருந்து கேபிளையும் கழற்றிச் சுவரில் அடித்த ஆணியில் மாட்டிவிடுகிறார். பிளக்கை மட்டும் பிடுங்கினால் போதாது, கேபிளும் கழற்றப்பட வேண்டும். ஆணிக்குப் பக்கத்திலேயே அதை எழுதி ஒட்டியிருக்கிறேன். இடி நேரத்தில் அந்தக் கேபிளைத் தொடுவதும் ஆபத்து, அதனால் சத்தம் தூரத்தில் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

ஒட்டுப் பெட்டியின் மூடிக்கு உள்பக்கம் மார்க்கரால் தேதியும் "171 மீ., எட்டு ஒட்டு" என்பதும் எழுதினேன். அப்பாவுக்கு அது போதவில்லை. அடுத்த வாரம் நான் போவதற்குள் கேபிள் போகிற வழி நெடுக பத்தடிக்கு ஒரு கல் நட்டு, எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தார். ஒட்டு இருக்கும் இடத்தில் மட்டும் கொஞ்சம் பெரிய கல். தோட்டத்துக்கு வேலைக்கு வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டிவிட்டாராம், "இந்த வரிசையில மம்முட்டி போடக்கூடாது" என்று.

அன்றைக்கு 4.30-க்குப் போன் அடித்தபோது அப்பா எழுந்திருக்கவில்லை. போன் தீவனத் தொட்டியின் விளிம்பில் சாய்ந்து நின்றது. செம்பில் பால் விழுகிற சத்தத்தைக் கேட்டுக் குழந்தை பேசாமல் இருந்தாள். கன்று வந்து போனை முகர்ந்தது, அவள் கத்தின கத்தில் பின்வாங்கியது. கறந்து முடித்ததும் அப்பா செம்பை ஒரு கையிலும் போனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். தோப்புக்குள்ளும் படம் அறுபடவில்லை. வெள்ளைக் கல் ஒன்று கடந்தது, இன்னொன்று, அப்புறம் அந்தப் பெரிய கல்.

"அப்புச்சி, அது என்ன சாமி?" என்று கேட்டாள்.

அப்பா நின்று போனைக் கல்லுக்குக் கிட்டத்தில் கொண்டுபோனார்.

"சாமி இல்ல கண்ணு. நீ பேசறது இதுக்குப் பக்கத்துலதான் போயிட்டு வருது."